ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினால் யாருக்கு வரி கொடுப்பது?

எட்டு வருடம் சப்டைட்டில் எழுதிப் பிழைத்தவள் நான். ஆங்கிலத் தொடர் வரும், தமிழில் வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். திரைக்கு அடியில் இரண்டு வரிக்கு மேல் இடம் கிடையாது. ஒருவர் பேசினால் கவலையில்லை. இருவர் பேசினால் ஆளுக்கு ஒரு வரி, முன்னால் ஒரு சின்னக் கோடு. மூன்று பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் யாராவது ஒருவரை ஊமையாக்கியே தீர வேண்டும். யாரை ஊமையாக்குவது என்பதில்தான் அந்த வேலையின் சூட்சுமமே இருக்கிறது.

'த ஸ்டூடியோ' என்ற ஹாலிவுட் நையாண்டித் தொடரின் முதல் பகுதியைப் பத்து நிமிடம் பார்த்ததும், நல்லவேளை இது என் மேசைக்கு வரவில்லை என்று பெருமூச்சு விட்டேன். ஓர் அறை, ஐந்து பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். கேமரா வெட்டாமல் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்கு ஓடுகிறது. பின்னணியில் ஒரு டிரம்ஸ் வேறு, பாட்டி உலக்கை போடுகிற மாதிரி விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. அதை வாசித்து இசையமைத்தவர் அன்டோனியோ சான்செஸ்.

2025 மார்ச் 26 அன்று ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் வெளிவந்த தொடர், முதல் பருவத்தில் மொத்தம் 10 பகுதிகள். செத் ரோகனும் அவருடைய பால்ய நண்பர் எவன் கோல்ட்பெர்க்கும் இன்னும் மூவரும் சேர்ந்து உருவாக்கியது. காண்டினென்டல் என்ற கற்பனை ஹாலிவுட் நிறுவனத்தில் மாட் ரெமிக் என்று ஒருவன். நல்ல சினிமா எடுக்க வேண்டும் என்ற ஆசையில் இந்தத் தொழிலுக்கு வந்தவன். அவனை வளர்த்துவிட்ட பேட்டி லீயின் ஸ்டூடியோ தலைவர் வேலையைப் பறித்து அவன் கையில் கொடுக்கிறார்கள். கூடவே ஓர் உத்தரவும் வருகிறது: கூல்-எய்டை வைத்து ஒரு படம் எடு.

இங்கே ஒரு தொழில்முறைப் புலம்பல். நாயகனின் பெயர் மாட். தமிழில் வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள். மாட்டை வேலைக்கு எடுத்தார்கள், மாட்டுக்குக் கோபம் வந்தது, மாட்டால் படம் எடுக்க முடியவில்லை. பத்துப் பகுதிக்கும் இப்படி எழுதினால் பார்க்கிறவர்கள் ஏதோ கிராமத்துப் படம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவனை ரெமிக் என்றே கூப்பிடப் போகிறேன்.

கூல்-எய்ட் என்பது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பழச்சுவைப் பொடி, நம் ரஸ்னா மாதிரி. ஒரு பொடிக்கு எப்படிப் படம் எடுப்பது என்று ரெமிக் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி, நிஜ ஸ்கார்செஸியே, ஒரு கதையோடு வருகிறார். ஜோன்ஸ்டவுன் பற்றிய கதை. 1978 நவம்பர் 18 அன்று கயானா நாட்டில் ஜிம் ஜோன்ஸ் என்ற மதத்தலைவனின் பேச்சைக் கேட்டு 900 பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் செத்தது சயனைடு கலந்த பழரசத்தால். அன்றிலிருந்து அமெரிக்காவில் 'கூல்-எய்ட் குடித்தவன்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் பின்னால் போகிறவன் என்று அர்த்தம். உண்மையில் அங்கே கலக்கியது பெரும்பாலும் ஃப்ளேவர் எய்ட் என்ற வேறு பொடி. குடித்தது ஒன்று, பழி சுமப்பது இன்னொன்று. ரெமிக் என்ன செய்கிறான்? கூட்டிக் கழித்து, ஸ்கார்செஸியின் ஜோன்ஸ்டவுன் படத்துக்கே 'கூல்-எய்ட்' என்று பெயர் வைத்துவிட்டால் இரண்டு காரியமும் முடிந்தது என்று துள்ளிக் குதிக்கிறான். இந்த யோசனையை அலுவலகத்தில் மற்றவர்கள் கேட்கிற காட்சியில்தான் எனக்குத் தொடர் பிடிபட்டது. நகைச்சுவை யோசனையில் இல்லை, அதைக் கேட்கிற முகங்களில் இருக்கிறது.

இந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் விருந்தாளிகளைப் பற்றியே பேசுகிறார்கள். ஸ்கார்செஸி அழுகிறார், இயக்குநர் ரான் ஹோவர்டு கத்துகிறார், நடிகை சார்லிஸ் தெரோன் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார் என்று. விருதுகளும் அப்படித்தான். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான 2025 எம்மி விருதுகளில் நகைச்சுவைத் தொடரின் கௌரவ நடிகர் பிரிவில் இருந்த ஆறு பெயர்களில் ஐந்து இந்தத் தொடரிலிருந்து. நானும் முதல் முறை பார்த்தபோது 'அட, இவரா!' என்று சுட்டிக்காட்டிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாம் முறை சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போது விருந்தாளிகள் மங்கிப்போய் வீட்டு ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள். ஐந்து பேர். இந்த ஐந்து பேரும் நிஜமாகவே ஓர் அலுவலகம்.

செத் ரோகனிடமிருந்து தொடங்கலாம். ரெமிக் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவான், நடுவில் எதிராளியின் முகத்தைப் பார்ப்பான், அந்த முகத்துக்கு ஏற்ப வாக்கியத்தின் கடைசியை மாற்றிவிடுவான். முடிவில் ஒரு சிரிப்பு. அந்தக் கரகரச் சிரிப்பு ரோகனுடைய பழைய சொத்து. பழைய படங்களில் அது போதையில் இருக்கும் ஜாலிப் பையனின் சிரிப்பு. இங்கே அதே சிரிப்பு மன்னிப்புக் கேட்கிறது. சப்டைட்டில்காரிக்கு இதைவிடக் கொடுமை இல்லை. தமிழில் வினை கடைசியில்தான் வரும். வினை வரும்வரை அவன் பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் நான் எந்த வினையைப் போடுவது?

சால் சேப்பர்ஸ்டீனாக ஐக் பேரின்ஹோல்ட்ஸ். ரெமிக்கின் நண்பன், அவனுக்கு அடுத்த நிலையில் இருப்பவன், அந்த நாற்காலி தனக்கு வந்திருக்கலாமே என்று நினைப்பவன். மூன்றையும் ஒரே நேரத்தில் முகத்தில் வைத்திருக்க வேண்டும். பேரின்ஹோல்ட்ஸ் அதை உடம்பில் வைத்திருக்கிறார். ரெமிக் பேசும்போது அவர் தலை முன்கூட்டியே ஆட ஆரம்பித்துவிடும், என்ன சொல்லப் போகிறான் என்று தெரிவதற்கு முன்பே. பெரிய ஆள் ஒருவர் அறைக்குள் வந்தால் சாலின் தோள் அந்தப் பக்கம் திரும்பிவிடும், கால் மட்டும் ரெமிக் பக்கம் நிற்கும். இப்படி ஓர் ஆளோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மாயா மேசனாக வரும் கேத்ரின் ஹான் விளம்பரப் பிரிவின் தலைவி. கண்ணைப் பறிக்கிற உடைகள், வாயைத் திறந்தால் வசை. எங்கள் அலுவலகத்தில் ஆங்கில வசவு எதுவாக இருந்தாலும் எழுத அனுமதி இருந்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான்: 'நாசமாய்ப் போக'. கேங்ஸ்டரும் நாசமாய்ப் போகச் சொல்வான், காதலியும் சொல்வாள். மாயாவுக்கு அதை எழுதியிருந்தால் ஒரு பகுதிக்கு ஐம்பது நாசம் தேறும். ஆனால் ஹான் அந்த வசவுகளைக் கோபத்தில் சொல்வதில்லை, கணக்குச் சொல்கிற தொனியில் சொல்கிறார். இந்த அறையில் படத்தை விற்றாக வேண்டிய ஒரே ஆள் அவள்தான். மற்ற நால்வரும் கலை, கனவு என்று மிதக்கும்போது, போஸ்டரில் என்ன போடுவது என்று அவள் கேட்கிற கேள்வி பொத்தென்று தரையில் விழும். குறை என்னவென்றால், எழுதியவர்கள் அவளை அறைக்கு வெளியே கொண்டுபோகவே இல்லை. மற்றவர்களுக்கு ஒரு கதை இருக்கிறது. மாயாவுக்கு நல்ல வசனமும் நல்ல செருப்பும் மட்டும்தான்.

குவின் ஹாக்கெட்டாகச் சேஸ் சுயி வொண்டர்ஸ். ஐவரில் இளையவள். ஹானுக்கும் ஓஹாராவுக்கும் பேரின்ஹோல்ட்ஸுக்கும் எம்மி பரிந்துரை வந்தது, இந்தப் பெண்ணுக்கு வரவில்லை. எனக்கு அதில் வருத்தம். மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசும்போது வொண்டர்ஸ் காத்திருக்கிறார். எங்கே மூச்சு விடுவார்கள் என்று பார்த்து, அந்த இடைவெளியில் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். அந்த வாக்கியம்தான் பெரும்பாலும் சரியான வாக்கியம், அதை யாரும் கேட்பதில்லை. ஐந்தாம் பகுதியில் அவளும் சாலும் ஆளுக்கோர் இயக்குநரைத் தூக்கிக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். காத்திருந்து காத்திருந்து புளித்துப்போன பெண் எவ்வளவு கேவலமாக இறங்குவாள் என்பதை வொண்டர்ஸ் எந்தக் கூச்சமும் இல்லாமல் செய்திருக்கிறார்.

அப்புறம் பேட்டி லீயாகக் கேத்தரின் ஓஹாரா. 'ஹோம் அலோன்' படத்தில் பிள்ளையை வீட்டிலேயே மறந்துவிட்டு விமானம் ஏறிய அம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். பதவி போன பேட்டி லீயைப் பார்க்க ரெமிக் அவள் வீட்டுக்குப் போகிற காட்சியை நான் நான்கு முறை பார்த்துவிட்டேன். அழுகை, ஆத்திரம், துரோகி என்கிற பார்வை எல்லாம் வருகிறது. அதே வேகத்தில் தனக்கு என்ன கிடைக்கும் என்கிற பேரமும் வருகிறது. எந்த இடத்தில் அழுகை நின்று பேரம் தொடங்கியது என்று நான்கு முறை பார்த்தும் என்னால் கோடு போட முடியவில்லை. ஓஹாரா ஒரு சொல்லின் நடு எழுத்தை இழுத்து அதன் அர்த்தத்தையே புரட்டுவார். அதை எழுத்தில் கொண்டுவர எந்த மொழியிலும் வழி கிடையாது.

ஆறாவதாக ஒருவர் உண்டு, பிரையன் கிரான்ஸ்டன். முதலாளி கிரிஃபின் மில். வெயிலில் வறுத்த தோல், பழைய காலத்துப் பளபளப்பு உடை. ராபர்ட் ஆல்ட்மன் 1992இல் எடுத்த 'த ப்ளேயர்' படத்தில் கொலை செய்துவிட்டுத் தப்பிக்கும் ஸ்டூடியோ அதிகாரியின் பெயரும் கிரிஃபின் மில்தான். அதுவும் நிஜ நட்சத்திரங்கள் தங்கள் பெயரிலேயே வந்துபோகும் ஹாலிவுட் நையாண்டி. பழைய பாவம் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு ஒரு கண்சிமிட்டல். கடைசி இரண்டு பகுதிகள் லாஸ் வேகாஸில், திரையரங்கு உரிமையாளர்கள் கூடும் சினிமாகான் விழாவில் நடக்கின்றன. போதை தலைக்கேறி நிற்கக்கூட முடியாத முதலாளியை நம் ஐவரும் யாருக்கும் தெரியாமல் மறைத்துக்கொண்டு அலைகிறார்கள். கிரான்ஸ்டன் எலும்பே இல்லாதவர் போல மடங்குகிறார். 'பிரேக்கிங் பேட்' தொடரில் வால்டர் வைட்டாக அவரைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு, அதற்கு முன்னால் பல வருடம் 'மால்கம் இன் த மிடில்' தொடரில் அசட்டு அப்பாவாக இருந்தவர் இவர் என்பது மறந்திருக்கும். கௌரவ நடிகருக்கான அந்த எம்மி இவருக்குத்தான் போனது, நியாயமாகவே.

இரண்டாம் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இயக்குநர் சாரா பாலி, அவராகவே வருகிறார், சூரியன் மறைவதற்குள் ஒரு நீண்ட காட்சியை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுக்கப் பார்க்கிறார். ரெமிக்குக்கு அதை நேரில் பார்க்க ஆசை. வருகிறான், காரை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துகிறான், அப்புறம் ஒவ்வொன்றாகக் கெடுக்கிறான். இந்தப் பகுதியே முழுக்க ஒரே ஷாட்டாகத் தெரியும்படி எடுக்கப்பட்டிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் சப்டைட்டிலையும் படிக்க மாட்டார், கண்ணாடி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, இவனை யார் உள்ளே விட்டது?"

"இவர்தான் அத்தை முதலாளி."

"அப்படியா, அதான் யாரும் வெளியே போடான்னு சொல்ல மாட்டேங்கிறாங்க."

அவ்வளவுதான், முழுக் கதையும் அத்தைக்குப் புரிந்துவிட்டது. சாலின் கெஞ்சும் கண்ணைப் பார்த்து 'பாவம் அந்தப் பையன்' என்றார். பாலி பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கும்போது 'இந்தப் பொண்ணு இன்னும் கொஞ்ச நேரத்துல அடிக்கப் போறா' என்றார். ஒரு வசனம்கூடப் புரியாதவருக்கு யாருக்கு யார் மேல் என்ன என்பது தெரிகிறதென்றால், அது நடிகர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதால்தான். ஷாட் வெட்டாமல் போவதால், வசனம் இல்லாத நேரத்திலும் யாரும் சும்மா நிற்க முடியாது. கேமரா எப்போது திரும்பும் என்று தெரியாது. எல்லோரும் எப்போதும் அலுவலில் இருக்கிறார்கள்.

மூன்றாம் பகுதி எனக்கு வேறு விதத்தில் வலித்தது. ரான் ஹோவர்டு ஒரு படம் எடுத்திருக்கிறார். படம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு மோட்டல் காட்சி வந்து உட்கார்ந்துகொள்கிறது, எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. அது தேவையில்லை என்று ஐவருக்கும் தெரியும். அதை அவரிடம் யார் சொல்வது? ஹாலிவுட்டிலேயே நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். ஆளாளுக்கு அடுத்தவரைத் தள்ளுகிறார்கள். தாழ்வாரத்தில் புலியாக இருப்பவர்கள் அவர் முன்னால் போனதும் பூனை.

எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்று நடந்தது. ஒரு தொடரில் மேடையேறப் போகும் நடிகையிடம் தோழி ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்துச் சொல்வாள். நாடகக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் வாழ்த்து, சொல்லுக்குச் சொல் பார்த்தால் காலை உடைத்துக்கொள் என்று வரும். மேலதிகாரி தானே உட்கார்ந்து திருத்திய பகுதி அது. 'போ, காலை உடைத்துக்கொள்' என்று போட்டிருந்தார். நாங்கள் ஆறு பேர் அதைப் பார்த்தோம். ஆறு பேரும் அவரிடம் 'சார், நன்றாக வந்திருக்கிறது' என்றோம். அது அப்படியே ஒளிபரப்பானது. எனக்குக் கிடைத்த தண்டனை, இரவு வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அந்த வரி வரும்வரை காத்திருந்ததுதான். ரெமிக் கூட்டம் ஹோவர்டு முன்னால் நெளியும்போது நான் திரையைப் பார்க்கவில்லை, என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் பகுதியும் இதே சாதி. ஸ்கார்செஸியைக் கழற்றிவிட்டு எடுக்கிற கூல்-எய்ட் படத்துக்குக் கறுப்பின ராப் பாடகர் ஐஸ் கியூபின் குரலைப் போட்டால் இனவெறி என்பார்களா, போடாவிட்டால் இனவெறி என்பார்களா என்று பயந்து பயந்து நடிகர் பட்டியலையே தலைகீழாக்குகிறார்கள். கடைசியில் ரசிகர்களுக்கு அதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. படத்தை ஏஐ வைத்து வரைந்தார்கள் என்பதுதான் அவர்களுக்குக் கோபம். ஐவரும் தப்பான பயத்தைப் பயந்திருக்கிறார்கள். எனக்கு ஆகக் கூடுதலாகச் சிரிப்பு வந்தது இங்கேதான்.

சரி, குறைகள். ஆறாம் பகுதியில் ரெமிக் ஒரு குழந்தைப் புற்றுநோய் மருத்துவரோடு விருந்துக்குப் போய், சினிமாவும் மருத்துவம் அளவுக்கு முக்கியம் என்று டாக்டர்களிடம் வாதாடுகிறான். மற்ற நால்வரையும் பிரித்துவிட்டு அவனை மட்டும் தனியாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி. ஒரே நகைச்சுவையை உப்புப் போடாமல் திரும்பத் திரும்பப் பரிமாறுகிறார்கள். ரெமிக்கின் உதவியாளர் பெட்ராவாக வரும் கெய்லா மான்டெரோசோ மெஹியாவுக்கு வந்துபோகிற வேலைதான். எனக்கு அவர் இன்னும் வேண்டும். இன்னொன்று, நையாண்டி என்றாலும் இது செல்லக் கடி. ஸ்கார்செஸி கோபத்தில் 'இதை ஆப்பிளுக்கே விற்றிருக்கலாம்' என்கிற பொருளில் பேசும் இடத்தில் எல்லோரும் சிரிக்கிறோம். காசு போட்டது ஆப்பிள் என்பதால் அவர்களும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். தன்னையே கிண்டல் செய்துகொள்ள வந்த நட்சத்திரங்கள், கிண்டலுக்குப் பிறகு வந்ததைவிட அழகாகத்தான் திரும்பிப் போகிறார்கள். 13 எம்மிகள், ஒரே பருவத்தில் ஒரு நகைச்சுவைத் தொடருக்கு இதுவரை கிடைத்ததிலேயே அதிகம். ஹாலிவுட்டுக்கு வலித்திருந்தால் இவ்வளவு கொடுத்திருப்பார்களா?

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம், மாயா இருக்கிறாள். ஒரே மூச்சில் பார்க்கவும் வேண்டாம். அந்த டிரம்ஸ் இரண்டு பகுதிக்கு மேல் மண்டைக்குள் வேலை பார்க்கும். முதல் முறை சப்டைட்டிலோடு பாருங்கள். பிடித்திருந்தால் மூன்றாம், எட்டாம் பகுதிகளை மட்டும் அது இல்லாமல் இன்னொரு முறை.

எட்டாம் பகுதி கோல்டன் குளோப் விருது விழா. தன் பெயரை மேடையில் யாராவது சொல்லி நன்றி தெரிவிக்க வேண்டும் என்பது ரெமிக்கின் ஒரே ஆசை. நடிகை ஜோயி கிராவிட்ஸிடம் சுற்றிவளைத்துக் கேட்கிறான், கெஞ்சுகிறான், சூழ்ச்சி செய்கிறான். ஆனால் நடிகர் ஆடம் ஸ்காட் மேடையேறி, தன் ஆரம்ப காலத்தில் உதவிய சால் சேப்பர்ஸ்டீனுக்கு நன்றி சொல்கிறார். அது ஒரு விளையாட்டாகப் பற்றிக்கொண்டு, பின்னால் வருகிறவர்களும் சாலுக்கே நன்றி சொல்ல ஆரம்பிக்கிறார்கள். பேரின்ஹோல்ட்ஸுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, பிறகு மெல்ல மெல்ல உட்காருகிற விதமே மாறுகிறது. பக்கத்தில் ரோகன். கை தட்டுகிறது, வாய் சிரிக்கிறது, நெற்றி மட்டும் ஒத்துழைக்கவில்லை. முதல் முறை பார்த்தபோது அந்த இடத்தில் சப்டைட்டிலில் 'கைதட்டல்' என்று ஒரு சொல் மட்டும் ஓடியது. நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.